இரண்டு பாட்டுக்கு நடுவே

எங்கள் பேண்டில் ஒரே ஒரு சட்டம்தான். மேடையில் பேசக் கூடாது. பாடலாம், கத்தலாம், குதிக்கலாம், தரையில் புரளலாம். பேச்சு மட்டும் கிடையாது. வணக்கம் இல்லை, நன்றி இல்லை, அடுத்து வரும் பாட்டு இன்னது என்று சொல்வதும் இல்லை. நான் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து குச்சி இரண்டையும் நான்கு முறை தட்டுவேன், பாட்டு தொடங்கும். முடிந்த மறு நொடி மறுபடியும் நான்கு தட்டு. இருபத்தெட்டு வருஷமாக இருக்கும் சட்டம் இது.

வெளியூர்க்காரர்களுக்கு இதில் என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். திருச்சியில் ஒரு மேடை ஏறிப் பாருங்கள், தெரியும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்பவர் உரை, வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரை, கடைசியில் நன்றியுரை. ஒரு பட்டிமன்றத்துக்குப் போனாலும் சரி, பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்குப் போனாலும் சரி, மைக்கைப் பிடித்தவர் விடமாட்டார். இந்த ஊரில் மேடை ஏறி வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசாமல் இறங்குவதைவிடப் பெரிய கலகம் கிடையாது. தலைமுடியை நெட்டுக்குத்தாக நிறுத்திக் காதில் ஊக்கு குத்திக்கொள்வதுதான் பங்க் இசைக்காரர்களின் கலகம் என்று பின்னாளில் ஒரு பத்திரிகையில் படித்தோம். அது எங்களுக்கு ஒத்துவராது. பாடகனுக்கு அப்போதே முடி கொட்டத் தொடங்கியிருந்தது.

முதல் கச்சேரி துவாக்குடியில், இன்ஜினியரிங் காலேஜ் விழாவில். பாடகனும், பேஸ் கிட்டார் வாசிக்கும் பேஸ்காரனும் அங்கே ஒரே வகுப்பு. பேஸ்காரன் லால்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பிள்ளை, பாடகன் ஸ்ரீரங்கத்துக்காரன். ஹாஸ்டலில் யாரோ விட்டுப்போன ஒரு கேசட்டை இருவரும் தேய்ந்துபோகும் அளவுக்குக் கேட்டிருக்கிறார்கள். லேபிள் கிடையாது, யார் பாடினார்கள் என்று இன்றுவரை தெரியாது. கிட்டாரில் மூன்றே மூன்று கார்டு, தறிகெட்ட வேகம், தொண்டை கிழிய ஒருவன் கத்தல். இதை நாமும் செய்யலாமே என்று தோன்றியிருக்கிறது. ஹாஸ்டல் ஆம்ப்ளிஃபயரை ரிப்பேர் செய்ய வந்தவன் கிட்டார்காரன். அவனும் நானும் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் ஒரே லைன், ஒரே கோவில். மாதா கோவில் பாடகர் குழுவில் அவன் கிட்டார் வாசிப்பான். டிரம்ஸுக்கு ஆள் வேண்டும் என்றபோது, எங்க லைன்ல ஒரு பொண்ணு ஸ்கூல் மார்ச் பாஸ்ட்ல சைடு டிரம் அடிச்சிட்டு இருந்தா, ஆனா வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லித்தான் என்னைக் கூட்டிப்போனான்.

எங்களுக்கு முன்னால் சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசிவிட்டார். நிகழ்ச்சியை நடத்திய மாணவன் வந்து, ஆறு நிமிஷம்தான் இருக்கு, அதுக்குள்ள முடிங்க என்றான். ஆறு நிமிஷத்தில் நான்கு பாட்டு அடித்தோம். வணக்கம் சொல்ல எங்கே நேரம். கீழே இறங்கியதும் வேர்த்து விறுவிறுத்துப் போயிருந்த பாடகன் சொன்னான், இனிமேல் எப்போதும் இப்படித்தான், பேச்சே வேண்டாம் என்று. எங்களுக்கு அது ஒரு குஷி. அவனுக்கு அது வேறு. அவனுடைய அப்பா உபன்யாசகர். பந்தல் போட்டு ஏழு நாள், நாளைக்கு இரண்டு மணி நேரம் பேசுவார். இவன் சின்ன வயதில் முன்வரிசையில் உட்கார்ந்து, அப்பா எந்த இடத்தில் தழுதழுப்பார், எந்த இடத்தில் சிரிக்கவைப்பார் என்று முன்கூட்டியே தெரிந்து நெளிந்தவன். மைக்குக்கு முன்னால் நின்று பேச மாட்டேன் என்று அவன் அன்றைக்கே சத்தியம் செய்துகொண்டானாம்.

அதன்பிறகு காலம் போனது. பாடகன் காப்பீட்டு அலுவலகத்தில் சேர்ந்தான். பேஸ்காரன் துவாக்குடியிலேயே ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் வயலையும் பார்க்கிறான். கிட்டார்காரன் அரியமங்கலத்தில் சொந்தமாக கேட், கிரில் செய்யும் பட்டறை போட்டான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கேதான் எங்கள் பிராக்டிஸ். வாரம் முழுக்க இரும்பு அறுக்கும் சத்தம் கேட்ட அக்கம்பக்கத்தார் எங்களைப் பற்றி ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஞாயித்துக்கிழமைதான் கொஞ்சம் சத்தம் கம்மி என்று பக்கத்து டிங்கர் சொல்வார். நான் கணக்கு டீச்சர் ஆனேன், பெண்கள் மேல்நிலைப் பள்ளியில். அன்றிலிருந்து இந்த மூன்று பேருக்கும் நான் டீச்சர்தான், என் பெயர் மறந்தே போயிருக்கும்.

வேலையில் சேர்ந்த புதிதில் ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் கூப்பிட்டு அனுப்பினார். நீங்கள் கச்சேரியில் வாசிப்பதாகக் கேள்விப்பட்டேன், அது சாமி பாட்டா என்று கேட்டார். இல்லை என்றேன். காதல் பாட்டா என்றார். கொசுவைப் பற்றி, சிஸ்டர் என்றேன். சிஸ்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நல்லதுதான், போய் வாங்க என்று அனுப்பிவிட்டார். பொய்யில்லை. கொசு, தண்ணீர் லாரி, ரேஷன் கடை, ரயில்வே கேட், சில்லறை தராத கண்டக்டர், இவைதான் எங்கள் பாட்டு. எதுவும் இரண்டு நிமிஷத்தைத் தாண்டாது.

மூன்று கேசட், இரண்டு சிடி போட்டோம். இப்போது எல்லாம் போனில். சென்னை, பாண்டிச்சேரி, பெங்களூர், ஒரே ஒரு தடவை கொழும்பு. பெரிய ஆளாக வரவில்லை. வராததில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் எங்களோடு ஆரம்பித்த எத்தனையோ பேண்டுகள் கல்யாணத்தோடும் வெளிநாட்டு வேலையோடும் கலைந்துபோயின. நாங்கள் நாலு பேரும் அப்படியே நிற்கிறோம். எங்கே போனாலும் பொன்னாடை போர்த்திவிடுவார்கள். அதையெல்லாம் பெரிய டிரம்முக்குள் திணித்துவிடுவேன். உள்ளே துணி இருந்தால் சத்தம் கட்டுக்கோப்பாக வரும். இந்த ஜில்லாவிலேயே அதிக மரியாதை வாங்கிய டிரம் என்னுடையதாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் இருக்கட்டும். நான் எழுத வந்தது என் வலது மணிக்கட்டைப் பற்றி.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தேன், மறுபடி நழுவியது. பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன். அந்த வாரம் பிராக்டிஸில் 'கேட் போட்டாச்சு' பாட்டு முடிந்ததும் கட்டைவிரலில் இருந்து முழங்கை வரை சுரீர் என்று இழுத்தது. அந்தப் பாட்டும் 'சில்லறை இல்ல' பாட்டும்தான் எங்களிடம் இருப்பதிலேயே வேகமானவை. வலது கை ஒரு நொடிகூட நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தில்லைநகரில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். நரம்பு வீக்கம், ஓய்வு வேண்டும், கையால் அப்படி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். டிரம்ஸ் என்றேன். கண்ணாடியைக் கழற்றி என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த வயசுலயா என்று கேட்டுவிட்டு, அதை நிறுத்திடுங்கம்மா என்றார். அந்த ஆஸ்பத்திரிப் பக்கம் அப்புறம் நான் போகவே இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. முழுக்கை சுடிதாருக்குள் கிரேப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டு வாசித்தேன். ஏன் சொல்லவில்லை என்றால், பயம். வேறென்ன. நான் வீட்டில் மனைவி, அம்மா. பள்ளியில் டீச்சர். தெருவில் டீச்சரம்மா. டிரம்ஸுக்குப் பின்னால் அந்த மூன்று கால் ஸ்டூலில் உட்காரும்போது மட்டும்தான் நான் யாருக்கும் ஒன்றும் இல்லை. அந்த இடம் போய்விட்டால் எனக்கென்று ஊன்றி உட்கார இந்த ஊரில் வேறு இடம் கிடையாது. கை போச்சு என்று தெரிந்தால் இவர்கள் வேறு ஆளைத் தேடுவார்கள். தேடாவிட்டால் அதைவிட மோசம், பாவம் என்று பார்ப்பார்கள். பாவம் பார்க்கிறவர்களோடு சேர்ந்து எப்படிச் சத்தம் போடுவது.

இந்தச் சமயத்தில்தான் பாடகன் பேச ஆரம்பித்தான்.

முதல் தடவை தஞ்சாவூரில். 'கேட் போட்டாச்சு' முடிந்தது. நான் அடுத்த பாட்டுக்குக் குச்சியைத் தூக்குகிறேன், இந்த ஆள் மைக்கைப் பிடித்துக்கொண்டு, நேத்து எங்க தெருவுல ஒரு மாடு என்று ஆரம்பிக்கிறான். எனக்குக் காதை நம்ப முடியவில்லை. மாடு, கார்ப்பரேஷன், மாட்டுக்குப் போட்ட மாலை என்று இரண்டு நிமிஷம். கூட்டம் சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அடுத்த கச்சேரியில் மூன்று நிமிஷம். அதற்கடுத்ததில் ஃபில்டர் காபியைப் பற்றி நாலு நிமிஷம். கைதட்டல் வேறு. ஒருநாள் அவன் ஒரு வார்த்தையை இழுத்துத் தழுதழுத்து, சட்டென்று சிரிக்கவைத்தான், பாருங்கள். அப்பாவிடம் எதற்காக நெளிந்தானோ அதையே இவன் செய்துகொண்டிருந்தான்.

வேனில் ஏறியதும் பிடித்துக்கொண்டேன். சட்டம் என்ன ஆச்சு என்று கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கிட்டார்காரன் என்னைத் தனியே கூப்பிட்டு, அவனுடைய அப்பா போய் இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, அந்தத் துக்கம் இப்படி வருகிறது, விட்டுவிடு டீச்சர் என்றான். சரி, மனுஷன் அப்பாவை நினைத்துப் பேசுகிறான், பேசித் தொலைக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். நான் வாயை மூடிக்கொண்டால் அது எவ்வளவு பெரிய தியாகம் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

ஆனால் எத்தனை நாளைக்கு. புதுக்கோட்டையில் ஒரு கச்சேரியில் அவன் ஐந்து நிமிஷம் பேசியபோது பொறுமை போய்விட்டது. கீழே இறங்கியதும், மைக் செட்காரர் முன்னாலேயே சொன்னேன், "அடுத்த தடவை ஒரு சொம்பும் தர்ப்பைப் பாயும் கொண்டு வந்து வைக்கிறேன். உங்கப்பாவாவது சாமி கதை சொன்னார். நீ அவர் பேரை வச்சுக்கிட்டு மாட்டுக் கதை சொல்ற." சொன்ன மறுநிமிஷமே தெரிந்தது, அதிகப்படி என்று. அவன் முகம் சுருங்கிப்போனது. பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. மைக் வயரைச் சுருட்டிக்கொண்டே நின்றான். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கம் இல்லை.

விஷயம் வெளியே வந்தது போன மழைக்காலத்தில், அதே துவாக்குடி காலேஜில். அன்றைக்கு விழா நேரம் ஏகத்துக்கும் தள்ளிப்போய்விட்டது. நிகழ்ச்சியை நடத்தியவர்கள் பாடகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள், சார், பேச்சு மட்டும் வேண்டாம், பாட்டு மட்டும் பாடுங்க என்று. நான் மனதுக்குள் அந்தப் பிள்ளைகளை வாழ்த்தினேன்.

'கேட் போட்டாச்சு' முடிந்தது. கை நெருப்பாக எரிந்தது. காட்டிக்கொள்ளாமல் குச்சியைத் தூக்கினேன். கிட்டார்காரன் கையை உயர்த்திக் கம்பி போச்சு என்று சைகை காட்டிவிட்டுக் கீழே உட்கார்ந்தான். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து அவன் கிட்டார் நன்றாகத் தெரிந்தது. ஆறு கம்பியும் முழுசாக இருந்தன. இவன் கட்டிங் பிளேயரை எடுத்தான், நல்ல கம்பி ஒன்றைக் கத்தரித்தான், புதுக் கம்பியை எடுத்து நிதானமாக, கல்யாணப் பெண்ணுக்குப் பூ வைப்பதுபோல மாட்டிக்கொண்டிருந்தான். அரை நிமிஷத்தில் கம்பி மாற்றுகிற ஆள் மூன்று நிமிஷம் எடுத்துக்கொண்டான். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு இரண்டு பாட்டு. அப்புறம் 'சில்லறை இல்ல'. அது முடிந்ததும் பேஸ்காரன் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்தான். அவன் போட்டிருந்தது செருப்பு.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். என் தொழிலே அதுதானே. தஞ்சாவூர் மாடு எந்தப் பாட்டுக்குப் பிறகு. 'கேட் போட்டாச்சு'. ஃபில்டர் காபி. 'சில்லறை இல்ல'. புதுக்கோட்டையில் ஐந்து நிமிஷம் பேசியபோது இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வாசித்திருந்தோம். மற்ற எந்தப் பாட்டுக்குப் பிறகும் அவன் வாயைத் திறந்ததே இல்லை. விடை வந்துவிட்டது. சுடிதார் கையை மடக்கி, பேண்டேஜைப் பார்த்தபடி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போனதும் நேராக பேஸ்காரனிடம் போனேன். மூன்று பேரில் பொய் சொல்லத் தெரியாதவன் அவன்தான். செருப்புக்கு லேஸ் கட்டியதிலிருந்தே தெரியவில்லையா.

"எத்தனை நாளா தெரியும்?"

அவன் மற்ற இருவரையும் பார்த்தான். கிட்டார்காரன் வெல்டிங் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

"மூணு வருஷத்துக்கு மேல இருக்கும், டீச்சர்," என்றான் பேஸ்காரன். "ஒருநாள் தண்ணி பாட்டிலைத் திறக்கச் சொல்லி என்கிட்ட குடுத்த. நீ யார்கிட்டயும் மூடி திறக்கக் குடுக்குற ஆளா? அன்னைக்கே மூணு பேரும் பேசிக்கிட்டோம்."

அப்பா போனது நிஜம், அந்தத் துக்கத்தில்தான் பேசுகிறான் என்று கிட்டார்காரன் சொன்னதுதான் இட்டுக்கட்டியது. பாடகன் இரும்புக் குழாய் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான், "நீ குச்சி ரெண்டையும் இடது கையில வச்சுண்டு, வலது கையை மடியில போட்டுப்பே. அது வரைக்கும் பேசுவேன். ஒரு குச்சி வலது கைக்கு வந்துட்டா நிறுத்திடுவேன். அவ்வளவுதான்."

அதனால்தான் சில நாள் இரண்டு நிமிஷம், சில நாள் ஐந்து நிமிஷம். இருபத்தைந்து வருஷம் வாயைத் திறக்காதவன், தன் அப்பா நின்ற இடத்தில், அவர் நின்றதுபோலவே நின்று, என் கை ஆறும்வரை மாட்டுக் கதை சொல்லியிருக்கிறான். நான் அவனிடம் சொம்பும் தர்ப்பைப் பாயும் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

இந்த இடத்தில் நன்றி சொல்லிக் கட்டிக்கொண்டு அழுதிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். அப்படி ஒரு கோபம் எனக்கு வாழ்க்கையில் வந்ததில்லை. "மூணு வருஷமா என்னைத் தூக்கிட்டு நடந்திருக்கீங்க. நான் என் கால்ல நடக்கிறேன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன்," என்றேன். குச்சிகளை டிரம்மேல் வைத்துவிட்டு வெளியே வந்து ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

மூன்று ஞாயிறு போகவில்லை. வீட்டுக்காரர் ரயில்வேயில் இருப்பவர், அதிகம் பேசமாட்டார். மூன்றாவது ஞாயிறு காலை, அவங்க செஞ்சது தப்புன்னு நினைக்கிறியா என்று மட்டும் கேட்டார். தப்புதான் என்றேன். அப்ப நீ மறைச்சது என்று கேட்டுவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். மனுஷன் பேசாமல் இருப்பதே நல்லது.

மறுநாள் சாயங்காலம் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். பாடகனை சித்திரை வீதியில் ஒரு காபிக் கடைக்கு வரச் சொல்லியிருந்தேன். ஆபீஸ் பையோடு வந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. உங்க அப்பாவைப் பற்றிச் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோ என்றேன். இத்தனை வருஷத்தில் நான் அவனிடம் கேட்ட முதல் மன்னிப்பு. அவன் டம்ளரை உருட்டினான்.

"நீ சொன்னது நெஜம்தான்," என்றான். "அப்பா மாதிரியேதான் வந்துடுத்து. உன் கைக்காகத்தான் ஆரம்பிச்சேன். ஆனா பேசப் பேச எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஜனங்க சிரிக்கறச்சே அவர் ஞாபகம் வரது. அதான் நீ திட்டறச்சே பதில் சொல்லலை."

இன்னொரு காபி சொன்னேன்.

அடுத்த கச்சேரி அவனுடைய ஊரிலேயே ஒத்துக்கொண்டிருந்தோம். ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், இரண்டு மாசம் இருந்தது. அதற்கு நான் வாசிக்கிறேனா இல்லையா என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். வாசிக்கிறேன் என்றேன். ஆனால் எனக்காகப் பேசக் கூடாது, கம்பி அறுக்கக் கூடாது, லேஸ் கட்டக் கூடாது.

"நடுவுல உன்னால முடியாம நின்னுட்டா?"

"நின்னா நான் நிக்கிறேன். நீங்க நிக்காதீங்க."

நான் விடவில்லை. முடியாவிட்டால் நானே எழுந்துவிடுவேன், நீங்கள் எழுப்பவும் வேண்டாம், பிடித்து உட்காரவைக்கவும் வேண்டாம், நான் பேண்டுக்குள்ளே இருக்கும் ஆளா, நீங்கள் சுமக்கும் ஆளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றேன். கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டார். கணவன் மனைவி சண்டை என்று நினைத்திருப்பார்.

அந்த இரண்டு மாசம் ஒழுங்காக வேறொரு டாக்டரிடம் போனேன். பயிற்சி கொடுத்தார்கள், கொஞ்சம் குறைந்தது, முழுக்கக் குறையாது என்றும் சொன்னார்கள். சாப்பாட்டு மேஜையில் ரப்பர் ஷீட் விரித்து இடது கைக்குப் பாடம் நடத்தினேன். ஐம்பத்தோரு வயசு இடது கை, மக்குப் பிள்ளைதான், ஆனால் நான் மக்குப் பிள்ளைகளை விடுகிற டீச்சர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் 'கேட் போட்டாச்சு' பாட்டில் மூன்று தடவை பாதியில் வலது கை நின்றது. மூன்று தடவையும் அவர்களும் நின்றார்கள். நான் கத்தினேன். பழக்கம், டீச்சர், நீ நின்னா எங்க கை தானா நிக்குது என்றான் கிட்டார்காரன். பேஸ்காரன் தலையைக் குனிந்துகொண்டான். இவர்களுக்கு என்னை விட்டுவிட்டுப் போகத் தெரியவில்லை. அதைச் சொல்லிக்கொடுக்க எனக்கும் தெரியவில்லை. மேடையிலும் இதுதான் நடக்கப்போகிறது, நாலு பேரும் நிற்போம், அன்றோடு நான் எழுந்துவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

கச்சேரி அன்று மாலை மண்டபம் நிறைந்திருந்தது. முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் அப்படியே நின்றது. மணமக்கள் உட்காரும் சோபாவை ஓரமாகத் தள்ளிவிட்டு டிரம்ஸைப் போட்டோம். காலேஜ் பிள்ளைகள், எங்களோடு சேர்ந்து நரைத்துப்போன பழைய ரசிகர்கள், என் பள்ளி டீச்சர்கள் நாலு பேர். உபன்யாசகர் பிள்ளை அப்படி என்னதான் செய்கிறான் என்று பார்க்க நாமம் போட்ட பெரியவர்கள் இரண்டு வரிசை. பேண்டேஜைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு, அரைக்கை சட்டை போட்டுக்கொண்டு ஏறினேன்.

எட்டுப் பாட்டு ஒரு மூச்சில் போனது. ஒரு வார்த்தை பேச்சு இல்லை. பழைய மாதிரியே, முடிந்ததும் தட்டு, முடிந்ததும் தட்டு. ஏழாவது பாட்டு 'சில்லறை இல்ல'. அது முடிந்ததும் கை எரிந்தது, ஆனால் தாக்குப்பிடித்தது. ஒன்பதாவது 'கேட் போட்டாச்சு'. பாடகன் ஒரு கணம் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவன் தோள் எழுந்து இறங்கியது தெரிந்தது. வாயைத் திறக்கவில்லை. நான் தட்டினேன்.

முதல் நாற்பது நொடி பறந்தது. அப்படி ஒரு வேகம் எங்களுக்கு நாலைந்து வருஷமாக வந்ததில்லை. இரண்டாம் முறை பல்லவி வரும்போது கட்டைவிரல் மரத்தது. விரல்கள் திறந்துகொண்டன. குச்சி கையை விட்டு எகிறி, சோபாவுக்குப் பின்னால் போய் விழுந்த சத்தம் கேட்டது. என் இரண்டு கைகளும் நின்றுவிட்டன.

கண்ணை மூடிக்கொண்டேன். இப்போது நிற்பார்கள், ஒருவன் கம்பியைத் தடவுவான், ஒருவன் மாட்டைப் பற்றிப் பேசுவான் என்று காத்திருந்தேன்.

பாட்டு நிற்கவில்லை.

கிட்டார் அதே வேகத்தில் அறுத்துக்கொண்டு போனது. பேஸ் அதன் காலைப் பிடித்துக்கொண்டே ஓடியது. அதன் மேலே பாடகனுடைய குரல், கேட்டு போட்டாச்சு, கேட்டு போட்டாச்சு, எவன் வர்றான் பாப்போம் என்று. டிரம்ஸ் இல்லாமல் அது எலும்பும் தோலுமாக இருந்தது, ஆனாலும் ஓடியது. இருபத்தெட்டு வருஷத்தில் நான் எங்கள் பேண்டைக் கேட்டதே இல்லை. அடித்துக்கொண்டு மட்டும்தான் இருந்திருக்கிறேன். எங்கள் ஆட்கள் இவ்வளவு நன்றாக வாசிப்பார்கள் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தேன். முன்னால் மூன்று முதுகுகள். ஒருவனும் திரும்பவில்லை. பேஸ்காரனுடைய பின்கழுத்து மட்டும் விறைத்துப்போய் நின்றது, திரும்பாமல் இருக்க அவன் பட்ட பாடு அதில் தெரிந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கக் கை இல்லை. வலது கை மரத்துக் கிடந்தது, இடது கையில் குச்சி இருந்தது. அவர்கள் எனக்காக நிற்கவில்லை, அதனால் நான்தான் ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டியிருந்தது. அடுத்த வரி வரட்டும் என்று காத்திருந்து, இடது கையாலேயே உள்ளே இறங்கினேன்.